வாஷிங் மெஷினைத் தொட்டா சுர்ருனு இருக்கா?

இது மருந்து, மாத்திரை பத்தின த்ரெட் இல்லை. ஆனாலும் ஒரு டாக்டரா சொல்லியே ஆகணும்.

1/ கேஷுவாலிட்டியில் டூட்டி பார்த்த காலம். ஈரக் கையோட கிரைண்டரைத் தொட்ட ஒரு அம்மாவைத் தூக்கிட்டு வந்தாங்க. பெரிய காயம் எதுவும் இல்லை. ஈசிஜியில் நேர்க்கோடு. மகன் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: "ஒரு மாசமாவே லேசா ஷாக் அடிக்குதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க சார்."

2/ ஈரத்தில் உடம்பின் மின்தடை சுமார் 1000 ஓம் வரை இறங்கிடும். 230 வோல்ட் என்றால் 230 மில்லி ஆம்பியர். கையை உதற முடியாமல் ஒட்டிக்கொள்ள 10-20 போதும். 100 போனாலே இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்க ஆரம்பிக்கலாம்.

3/ போன வருஷம் எங்க அம்மா சொன்னாங்க: "வாஷிங் மெஷின் சுருக்குனு இழுக்குதுடா." நான், "செருப்பு போட்டுக்கோம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டேன். ராத்திரி படுத்தப்புறம்தான் அந்த மகன் முகம் ஞாபகம் வந்துச்சு. எழுந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

4/ மறுநாள் எலக்ட்ரீசியன் அண்ணன் மெயினை அணைச்சு, எர்த் கம்பியைக் கழற்றி, தள்ளித் தள்ளி ரெண்டு கம்பியை மண்ணில் அடிச்சு, எர்த் டெஸ்டரில் அளந்தார். 62 ஓம்! "அஞ்சுக்குள்ள இருக்கணும் சார்." பிட்டைத் திறந்தா கிளாம்ப் துருப்பிடிச்சு உதிர்ந்து கிடக்கு.

5/ கணக்குப் போட்டுப் பாருங்க. 62 ஓம் வழியா 4 ஆம்பியர்கூடப் போகாது. 16 ஆம்பியர் எம்சிபி எப்படி விழும்? கரண்ட் மெஷின் உடம்பிலேயே நிற்கும், யாராவது தொடுற வரைக்கும்.

6/ புது எர்த் போட்டோம், இப்போ 3 ஓம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் வெச்சாச்சு. மாசம் ஒரு தடவை அதோட டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்க. ஆனா அது ஆர்சிசிபி விழுதான்னுதான் சொல்லும். எர்த் நல்லா இருக்கான்னு சொல்லாது. மூணு பின் பிளக் இருக்குங்கிறதும் அத்தாட்சி இல்லை. அளந்தால்தான் தெரியும்.

7/ மண் காய்ஞ்சு கிடக்கும் கோடையில் அளக்கச் சொல்லுங்க. அப்பதான் உண்மையான நிலைமை தெரியும். நீங்களா எதையும் திறக்காதீங்க.

8/ இன்னிக்கு வீட்டுல அம்மாகிட்ட, வேலைக்கு வர்ற அக்காகிட்ட ஒரு தடவை கேளுங்க: "எதையாவது தொட்டா சுர்ருனு இருக்கா?" ஆமான்னு சொன்னா, என்னை மாதிரி செருப்பு போடச் சொல்லாதீங்க. சுவிட்சை அணைச்சு பிளக்கைக் கழற்றுங்க.