மரத்தில் செதுக்கிய பெயர்கள்

பழைய ஆலயங்களுக்குள் நுழைந்தால் சுவரில் பதித்த நினைவுக் கற்களைப் படிக்காமல் நான் வெளியே வருவதில்லை. கடல் கடந்து ஊழியத்துக்கு வந்து, வந்த இடத்திலேயே காய்ச்சலிலும் காலராவிலும் மாண்ட மிஷனரிகளின் கற்கள் அவை. பெயர், பிறந்த ஊர், வயது, ஒரு வேத வசனம். முப்பதைத் தாண்டாத வயதுகளைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. இவர்களுக்கு மொழி கற்பித்தவர்கள், காய்ச்சலில் பக்கத்தில் இருந்தவர்கள், குழி வெட்டியவர்கள் பெயரெல்லாம் எங்கே?

ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்த மிஷனரி டேவிட் லிவிங்ஸ்டனுக்கு இரண்டு கல்லறை வாசகங்கள் உண்டு. 1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய சாம்பியாவில் உள்ள சிதம்போ என்ற ஊரில் அவர் இறந்தார். உடன் இருந்த ஆப்பிரிக்கர்கள் அவருடைய இதயத்தை அங்கேயே ஒரு மரத்தடியில் புதைத்தார்கள். ஜேக்கப் வெயின்ரைட் அடக்க ஜெபம் வாசித்தார். அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டு, நம் நாசிக்கில் மிஷன் பள்ளியில் படித்தவர் அவர். பிறகு அந்த மரத்தில் லிவிங்ஸ்டன் பெயரையும் தேதியையும் செதுக்கினார். அவற்றோடு, கூட இருந்த ஆப்பிரிக்கத் தோழர்கள் சிலரின் பெயர்களையும் செதுக்கினார்.

உடலை வெயிலில் உலர்த்தி, மரப்பட்டையில் சுற்றி, அவருடைய ஆப்பிரிக்கத் தோழர்களான சூசியும் சூமாவும் மற்றவர்களும் சுமந்து நடந்தார்கள். ஆயிரம் மைலுக்கு மேல், பல மாதங்கள். பகமோயோ கடற்கரையை அவர்கள் அடைந்தது 1874 பிப்ரவரியில். ஏப்ரல் 18 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் நடந்தது. அங்குள்ள கல், விசுவாசமுள்ள கரங்கள் அவரைத் தரையிலும் கடலிலும் கொண்டுவந்ததாகச் சொல்கிறது. அந்தக் கரங்கள் யாருடையவை என்று சொல்லவில்லை. பேராலயத்துக் கல் விட்டதைக் காட்டு மரம் சொன்னது. மரம் சிதையத் தொடங்கிய பிறகு, எழுத்து இருந்த பகுதியை வெட்டி லண்டனுக்கே கொண்டுபோனார்கள்.

தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயருக்கு உள்ள பளிங்குச் சிற்பம் இந்த வகையில் மேலானது. 1798இல் அவர் இறந்ததும், அவர் பாதுகாப்பில் வளர்ந்த மன்னர் இரண்டாம் சரபோஜி, இங்கிலாந்தின் பெயர்பெற்ற சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லி அதைச் செய்வித்தார். மரணப் படுக்கையின் அருகே மன்னரே நிற்கிறார். சுவார்ட்ஸின் கல்லறைக் கல்லில் பொறித்த ஆங்கிலக் கவிதையும் மன்னர் எழுதியதே. அன்பைப் பெற்றவரே பேசுவதால் அந்தக் கற்களுக்கு உயிர் இருக்கிறது. ஆனாலும் அங்கே இடம் கிடைத்தது மன்னருக்கு; உபதேசியார்களுக்கு இல்லை. பாளையங்கோட்டைச் சபையைக் கவனிக்க சுவார்ட்ஸ் அனுப்பிய சத்தியநாதனைப் போன்ற உபதேசியார்கள் எத்தனையோ பேர். அவர்கள் நடந்து சேர்த்த சபைகள் இன்றும் இருக்கின்றன.

மிஷனரிகளின் தியாகத்தை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. தனியாக ஒருவரும் எதையும் செய்துவிடவில்லை என்பதை அவர்களே நன்றாக அறிந்திருந்தார்கள்; தங்கள் கடிதங்களில் உடன் ஊழியர்களைப் பெயர் சொல்லி எழுதினார்கள். பிறகு கல் நாட்டியவர்கள்தான் அதை மறந்தார்கள்.

பழைய கற்களைச் சுத்தம் செய்து வர்ணம் பூசும் சேகரக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். சபைப் பதிவேடுகளைத் திறந்து பாருங்கள். மொழி கற்பித்த முன்ஷி, உபதேசியார், வீடு வீடாகச் சென்று எழுத்தறிவித்த பெண்கள், இவர்களில் பலருடைய பெயர் அங்கே கிடைக்கலாம். மிஷனரியின் கல்லுக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கும் ஒரு கல் வையுங்கள்.