கொசுறுக் குருவி

புதன்கிழமைதோறும் மாலையில் நானும் என் இல்லாளும் திருச்சி பாலக்கரையிலுள்ள சகாய மாதா கோவிலுக்கு நவநாள் செபத்திற்காகச் செல்வது வழக்கம். செபம் முடிந்ததும் காந்தி மார்க்கெட்டுக்குச் சென்று, வாரத்திற்கு வேண்டிய காய்கறிகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். ஆன்மாவுக்கு அங்கே, வயிற்றுக்கு இங்கே. இரண்டும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

ஒரே பயணம் என்றேனே தவிர, ஒரே கட்டணம் அன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம் என்று அரசு ஆணையிட்டது. அன்று முதல் அவள் அருளினால் பயணம் செய்கிறாள். நான் சட்டத்தின்படி பயணம் செய்கிறேன். அருளுக்கும் சட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் புனித சின்னப்பர் உரோமையருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில் விரிவாக விளக்கியிருக்கிறார். ஆனால் எனக்கு அது தெளிவாக விளங்கியது நடத்துநர் சீட்டைக் கிழித்து என்னிடம் மட்டும் நீட்டியபோதுதான்.

மார்க்கெட்டிலோ நிலைமை வேறு. அங்கே சட்டம் இயற்றுபவள் அவளே. அவளுடைய சட்டத்தின் முதல் விதி, கொசுறு வாங்காமல் கடையை விட்டு நகரக் கூடாது என்பது. கத்தரிக்காய் வாங்கினால் இரண்டு பச்சை மிளகாய்; எல்லாம் வாங்கி முடித்தால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை. இக்காலத்துப் பெரிய அங்காடிகளில் கறிவேப்பிலையைக்கூடப் பிளாஸ்டிக் பையில் பொதிந்து, கோடு கோடாக அச்சிட்ட சீட்டை ஒட்டி, விலை வைத்திருக்கிறார்கள். அங்குள்ள கணக்குப் பொறிக்குக் கூட்டத் தெரியும். கொசுறு போடத் தெரியாது.

கொசுறு அற்பப் பொருள்தான். ஆயினும் நாட்டின் பொருளாதார நிலையை அறிய எனக்கு அதுவே அளவுகோல். 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டியதும், அரசே நியாய விலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க முன்வந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். அந்த நாட்களில் எங்கள் பையில் தக்காளி குறைந்தது. கொசுறு அறவே மறைந்தது. விலைவாசி ஏறும்போது முதலில் போவது கொசுறு. இறங்கும்போது கடைசியாகத் திரும்பி வருவதும் அதுவே.

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை. மார்க்கெட்டுக்கு வெளியே தரையில் சாக்கு விரித்துக் கீரை விற்கும் ஒரு மூதாட்டியின் முன் நின்றோம். அருகில் அவளுடைய பேத்தி, பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல், கீரைக் கட்டுகளுக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு கட்டு அறுபது ரூபா சாமி."

"ஐம்பத்தைந்துதான் தருவேன்."

"கட்டுப்படியாகாது சாமி."

நான் விடவில்லை. சற்று முன்னர்தான் கோவில் உண்டியலில் 50 ரூபாய் போட்டுவிட்டு வந்தவன், இங்கே 5 ரூபாய்க்காக வாதாடி வென்றேன். செல்பேசி வழியாகப் பணத்தை அனுப்பியதும், அவள் பக்கத்திலிருந்த சிறு பெட்டி "ஐம்பத்தைந்து ரூபாய்" என்று உரக்க அறிவித்தது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பது வேதம். நான் கொடுக்காமல் விட்டதையோ வீதியே அறிந்துகொண்டது. மூதாட்டி ஒன்றும் பேசாமல் கீரையைப் பையில் வைத்தாள். பிறகு, கேட்காமலே, ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் அதன்மேல் வைத்தாள். என் இல்லாள் வழி முழுவதும் மௌனமாக வந்தாள். அது எங்கள் வீட்டில் நல்ல அறிகுறி அன்று.

அன்றிரவு செபமாலைக்குப் பின் லூக்காஸ் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தை வாசித்தேன். இரண்டு காசுக்கு ஐந்து குருவிகள் விற்பதாக ஆண்டவர் அங்கே குறிப்பிடுகிறார். எனக்குள் இருந்த கணக்கன் விழித்துக்கொண்டான். மத்தேயு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தைப் புரட்டினேன். அங்கே ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். அப்படியானால் இரண்டு காசுக்கு நான்குதானே வரவேண்டும்? ஐந்தாவது எங்கிருந்து வந்தது?

"இதுகூடத் தெரியவில்லையா உங்களுக்கு? அது கொசுறு!" என்றாள் இல்லாள்.

நான் வாயடைத்துப் போனேன். அந்தக் காசின் பெயர் அசாரியம். ரூபாய்க்கு 16 அணா என்று 1957 வரை நாம் கணக்கிட்டதைப் போல, 16 அசாரியம் சேர்ந்தால் ஒரு தெனாரியம். அதுவே ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. ஏழைகள் வாங்கக்கூடிய மலிவான இறைச்சி குருவி. அதிலும் ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை. விலை பெற்ற நான்கோடு, விலையற்ற அந்த ஐந்தாவதும் இறைவனின் நினைவிலிருந்து நீங்குவதில்லை என்றல்லவா ஆண்டவர் போதிக்கிறார்! சந்தைக்குச் சென்று, விலை கேட்டு, கொசுறு விழுவதையும் கண்டவர் அவர்.

நீர் தெளித்துக்கொண்டிருந்த அந்தச் சிறுமி என் கண்முன் வந்து நின்றாள். அவளுடைய உழைப்பு அந்த 60 ரூபாயில் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அவளே அந்த வியாபாரத்தின் கொசுறு. விலைச்சீட்டு ஒட்டிய பெரிய கடையில் கேட்ட தொகையை வாய் திறவாமல் கொடுக்கும் எனக்கு, தரையில் அமர்ந்திருப்பவளிடம் மட்டும் பொருளாதார ஞானம் பொங்கியது ஏன்?

அடுத்த புதன்கிழமை ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை மடித்த கைக்குட்டையில் எடுத்துச் சென்றேன். "அம்மா, போன வாரம் ஐந்து ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டேன்" என்று நீட்டினேன்.

அவள் என்னை வியப்போடு பார்த்தாள். "எந்த அஞ்சு ரூபா சாமி? தெனம் எத்தனையோ பேரு கொறைக்கிறாங்க. எல்லாத்தையும் நெனப்புல வச்சுக்க முடியுமா?"

ஏசியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது. அவளால் நினைவில் வைக்க முடியாதவற்றை எல்லாம் நினைவில் வைத்திருப்பவர் ஒருவர் இருக்கிறாரே என்று எண்ணியபோது, மாலைக் குளிரிலும் எனக்கு வியர்த்தது.

நாணயத்தைச் சிறுமியின் கையில் வைத்தேன். மூன்று கட்டுக் கீரையைக் கேட்ட விலைக்கே வாங்கினேன். இல்லாளும் அன்று தன் முதல் விதியைத் தளர்த்தி, கொசுறு கேட்காமல் நகர்ந்தாள்.

"அம்மா, நில்லுங்க!" என்று பின்னால் ஒரு குரல். கையில் கறிவேப்பிலையுடன் சிறுமி ஓடி வந்துகொண்டிருந்தாள்.