அதே களிம்பு, வேற டாக்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் படித்து முடிப்பதற்குள் உங்களுக்கும் எங்காவது அரிக்கலாம் :-) 2000-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், அரிப்பைப் பற்றி ஒரு சொற்பொழிவு வைத்து, திரையில் பூச்சிப் படங்களாகக் காட்டினார்கள். கேட்க வந்தவர்கள் பாட்டுக்குச் சொறிந்துகொண்டார்கள். வதந்தி கிளம்பினால் நல்ல பேங்க் வாசலிலும் பணம் எடுக்க வரிசை நிற்குமே, அப்படி.

இந்தக் குளிருக்கு மதுரையிலிருந்து அம்மா லக்னோ வந்தாள். அப்பா போன பிறகு அங்கே தனியாகத்தான் இருக்கிறாள். இரண்டாவது வாரமே காலெல்லாம் அரிப்பு. "இந்த ஊர் தண்ணி எனக்கு ஆகாதுப்பா" என்றாள். பக்கத்துத் தெரு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வயசானால் இப்படித்தான் என்று ஒரு களிம்பு எழுதினார். பத்து நாள் தடவியும் குறையவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவள் வளையல் சத்தம் கேட்கும். "என்னை ரயில் ஏத்தி விட்ருப்பா."

இரண்டாம் சனிக்கிழமை பேங்க் லீவில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். சர்க்கரை, கிட்னி, ஈரல் எல்லாவற்றுக்கும் டெஸ்ட் எழுதினார். அதில் கோளாறு இருந்தாலும் அரிக்குமாம். எதுவும் இல்லை. குளிர்காற்றில் தோல் காய்ந்திருக்கிறது, கீசர் வெந்நீர் மிச்ச எண்ணெயையும் எடுத்துவிடுகிறது என்று அம்மாவின் காலைத் தொட்டுக் காட்டினார். பேசியது ஹிந்திதான், ஆனால் என்னைப் பார்த்தல்ல, அம்மாவைப் பார்த்து. இரண்டு வாரத்தில் குறையும், மாதாஜி என்றார். எழுதியது அதே களிம்பு! வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்து, ஈரம் காய்வதற்குள் தடவச் சொன்னது மட்டும் புதுசு.

குறைந்தது. எவ்வளவு தடவிய விதத்தால், எவ்வளவு சொன்ன விதத்தால் என்று பற்று வரவு பிரிக்க என்னால் முடியவில்லை. 2017-ல் வெளியான ஒரு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வில், ஹிஸ்டமினால் தோலில் தடிப்பு உண்டாக்கி, மருந்தே இல்லாத கிரீமைத் தடவிப் பார்த்தார்கள். குறைக்கும் என்று சொன்னால் தடிப்பு சிறிதாகவும், கூட்டும் என்று சொன்னால் பெரிதாகவும் இருந்தது. டாக்டர் கனிவும் திறமையும் உள்ளவராக நடந்துகொண்டபோது இந்த வித்தியாசம் அதிகம். இரண்டும் இல்லாதவராக நடந்துகொண்டபோது அது காணாமலே போனது. அதற்காக அரிப்பு மனப்பிரமை என்று யாரும் அம்மாக்களிடம் சொல்லிவிடாதீர்கள். தடிப்பை அளந்துதான் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது வீட்டில் "இன்னும் அரிக்குதா?" என்று யாரும் கேட்பதில்லை. "தூங்கினியாம்மா?" என்றுதான். வளையல் சத்தம் சில ராத்திரி கேட்கத்தான் செய்கிறது. ஹோலி பார்த்துவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறாள்.