இலையின் அடிப்பக்கம்

இலங்கையின் ஊவா மலைகளில் இன்றும் பல வீட்டுக் கொல்லைகளில் நாலைந்து கோப்பிச் செடிகள் நிற்கும். கண்ணில் பட்டால் ஓர் இலையைத் திருப்பிப் பார்ப்பது என் வழக்கம். மேலே வெளிறிய மஞ்சள் புள்ளி இருக்கும். வெயில் சுட்டது என்று விட்டுவிடலாம். அடியில் செம்மஞ்சள் பொடி. தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும்.

அந்தப் பொடிதான் மலைநாட்டின் தலையெழுத்தை மாற்றியது. இலங்கையில் கோப்பித் துரு நோய் முதலில் கவனத்துக்கு வந்தது 1869-இல், பதுளை மாவட்டத்து மடுல்சீமையில். பேராதனைத் தாவரத் தோட்டத்துத் துவைட்ஸ் அனுப்பிய இலைகளைப் பார்த்து, இது ஒரு பூஞ்சை என்று இங்கிலாந்துப் பாதிரியார் பெர்க்லி அந்த ஆண்டே எழுதிவிட்டார். காதில் போட்டுக்கொண்டவர்கள் குறைவு. விளைச்சல் இறங்கியது, ஆனால் கோப்பி விலை ஏறியதால் தோட்டத் துரைமார் கையில் காசு புழங்கியது. மழையைப் பழித்தார்கள், மண்ணைப் பழித்தார்கள், எரு போட்டார்கள், இன்னும் காட்டை வெட்டி நட்டார்கள். 1878-இல் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கர்.

1880-இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்தார். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றுப்படும்படி வைத்தார். பூஞ்சையின் வித்துகள் பறந்து வந்து ஒட்டின. இலையில் ஈரம் இருந்தால் அவை முளைத்து, அடிப்பக்கத்து நுண்துளைகளின் வழியே உள்ளே நுழைவதைக் கண்டறிந்தார். மலைக்கு மலை ஒரே பயிராக இருந்தது நோய்க்கு வசதியாயிற்று. அவர் கண்டு சொன்னபோது கோப்பி கைமீறிப் போயிருந்தது. அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது.

துரைமார் நொடித்த கதை நூல்களில் விரிவாக உண்டு. என்னை உறுத்துவது வேறு. அந்தச் செடிகளில் கை வைத்துப் பழம் பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த நம் ஆட்கள். அந்தப் பொடி அவர்கள் விரலில் ஒட்டாமலா இருந்திருக்கும்? நான் படித்த எதிலும் அவர்கள் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை.

எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளாதது அன்றோடு முடியவில்லை. அதே பதுளை மாவட்டத்தில்தான் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டம். 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் பிழைத்தார்கள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் சொல்லியிருந்தது. எழும்பிப் போகச் சொல்வது எளிது. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லாதவர்கள் எங்கே போவது? காணி கொடுக்கச் செலவாகும் என்னும்போது, எச்சரிக்கை கோப்பில் படுத்துவிடும். அன்று கோப்பி விலை கண்ணை மறைத்தது, இன்று செலவு மறைக்கிறது.

தரையில் புது வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கும் ஊற்று: மண்சரிவுக்கு முன் வரக்கூடிய இந்த அடையாளங்களை முதலில் காண்பவர்கள் லயத்தில் படுத்து எழும்புகிறவர்கள். ஆனால் தோட்டத்துக்கு எந்த அதிகாரி வந்தாலும் ஜீப் முதலில் நிற்பது ஒபிசு வாசலில். அது முதலில் லயத்துக்குப் போகட்டும். அங்கே ஒரு கிழவி சொல்வதை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதட்டும். எழுதியதோடு நிற்காமல், அவள் குடியேற ஒரு காணியும் அதே அறிக்கையில் இருக்கட்டும்.