விரைவும் நிதானமும்

நுழையும்முன்

எத்தொழிலுக்கும் அதனதன் சுருக்கவழிகள் உண்டு. தறியில் நெய்பவரும் அடுப்பில் சமைப்பவரும் கணினியில் படம் திருத்துபவரும் அவற்றைப் பழக்கத்தால் கண்டடைகின்றனர். அவ்வழிகள் எப்போது கைகொடுக்கும், எப்போது காலை வாரிவிடும் என்பதைச் சேலத்து நிழற்பட நிலையம் ஒன்றில் நிகழ்ந்த ஒருநாள் நிகழ்வின்வழி காட்டுகிறது இக்கட்டுரை.

மாடியில் ஒரு நிழற்பட நிலையம்

ஏற்காட்டுப் பேருந்துகள் அஸ்தம்பட்டி ரவுண்டானாவைச் சுற்றி மலைநோக்கித் திரும்பும் இடத்திற்குச் சற்றுத் தள்ளி, ஒரு கட்டடத்தின் மாடியில் இயங்குகிறது அந்த நிழற்பட நிலையம். அதன் உரிமையாளர் இருட்டறையில் தொழில் பழகியவர். எதிர்ப்படத்தின்மீது கூரிய பென்சிலால் நுண்ணிய கோடுகள் இட்டு, முகத்தின் புள்ளிகளை மறைக்கக் கற்ற தலைமுறையைச் சார்ந்தவர். அவரிடம் வேலை கற்க வந்த இளைஞன், பகலில் கல்லூரிக்குச் சென்று மாலையில் கடைக்கு வருபவன்.

இளைஞனின் விரைவு காண்போரை வியக்கவைக்கும். வலக்கை சுட்டியைப் பற்றியிருக்கும். இடக்கையோ விசைப்பலகையை விட்டு அகலாது. பட்டியலைத் திறந்து கட்டளையைத் தேடும் வழக்கம் அவனிடம் இல்லை. 'பி' விசையை அழுத்தினால் தூரிகை. 'எஸ்' அழுத்தினால் படியெடுக்கும் முத்திரை. 'ஜே' அழுத்தினால் பழுது நீக்கும் கருவி. சதுர அடைப்புக்குறி விசைகளால் தூரிகையின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் செய்வான். இடைவெளி விசையை அழுத்திப் பிடித்துப் படத்தை வேண்டிய பக்கம் நகர்த்துவான். கண்ட்ரோலுடன் சுழியத்தை அழுத்தினால் படம் முழுவதும் திரைக்குள் அடங்கும். ஒன்றை அழுத்தினால் உண்மை அளவில் விரியும்.

கடவுச்சீட்டு அளவுப் படங்களுக்கு அவன் வேறொரு வழி வைத்திருந்தான். 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட எட்டுப் படங்கள், நான்குக்கு ஆறு அங்குலத் தாள் ஒன்றில் அடங்கும். முகத்தைக் கண்ணால் பார்த்து வெட்டுவது மட்டுமே அவன் வேலை. எட்டையும் வரிசைப்படுத்தும் படிகளை ஒருமுறை பதிவுசெய்து, ஒற்றை விசைக்கு ஒதுக்கியிருந்தான். விசையைத் தொட்டதும் மீதிப் பணியைக் கணினியே முடித்துவிடும்.

விசைகளின் பின்னே மனிதர்கள்

இச்சிறு வசதிகள் தாமாகத் தோன்றியவை அல்ல. 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பணியாற்றிய லாரி டெஸ்லர், வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியோருள் ஒருவர். இசட், எக்ஸ், சி, வி ஆகிய நான்கு விசைகளும் இடக்கைக்கு எட்டும் வகையில் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், திரும்பப் பெறுதல், வெட்டுதல், படியெடுத்தல், ஒட்டுதல் என்னும் நான்கும் சுட்டியிலிருந்து வலக்கையை எடுக்காமலே நிகழ்கின்றன.

படம் திருத்தும் மென்பொருள்களில் பெயர்பெற்ற ஃபோட்டோஷாப், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் நால் 1987இல் தொடங்கிய சிறு நிரலிலிருந்து பிறந்தது. அவருடைய சகோதரர் ஜான் நால் உடன் உழைக்க, அடோபி நிறுவனம் அதனை 1990இல் வெளியிட்டது. அம்மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம் தொடக்கத் திரையில் தோன்றிய பெயர்களுள் ஒன்று சீதாராமன் நாராயணன். நம் ஊர்களின் நிழற்பட நிலையங்களில் அப்பெயரைப் படிக்காத பணியாளர் அரிது.

தெரிந்துதெளிவோம்

பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இருவரும் உருவாக்கிய 'கிம்ப்' என்னும் மென்பொருள் 1996இல் பொதுப்பயன்பாட்டிற்கு வந்தது. கட்டணமின்றிக் கிடைக்கும் இக்கட்டற்ற மென்பொருளிலும் அடுக்கு, மறைப்பு முதலிய வசதிகள் உண்டு. விசைகள் சில மட்டும் வேறுபடும்.

பன்னிரண்டு நிமிட வேலை

ஒருநாள் காலை, கன்னங்குறிச்சியிலிருந்து மூதாட்டி ஒருவர் பழைய சட்டமிட்ட படத்துடன் வந்தார். கணவர் மறைந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் காரியம். வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் காலமெல்லாம் உழைத்த அம்மனிதருக்கு அந்த ஒரு படமே இருந்தது. பூஞ்சை படிந்து, ஓரங்கள் மங்கி, கண்ணாடியோடு ஒட்டியிருந்தது அப்படம். உரிமையாளர் அதனைப் பிரிக்க முற்படவில்லை. கண்ணாடியோடே வருடியில் வைத்துப் பதிவெடுத்துக்கொண்டு, சட்டத்தைத் திருப்பித் தந்தார்.

மாலையில் வந்த இளைஞன் வேலையைத் தொடங்கினான். கறைகள் மறைந்தன. தோல் பளிங்குபோல் மழமழப்பானது. நெற்றியின் வலப்புறம் கிடந்த கோடு ஒன்றையும் கீறல் என எண்ணி அழித்தான். அடுக்குகள் அனைத்தையும் ஒன்றாக இணைத்தான். கண்ட்ரோலும் எஸ்ஸும் ஒருசேர அழுந்தின. கோப்பை மூடினான். பன்னிரண்டு நிமிடங்களில் படம் முடிந்து, அச்சாகியும் வந்தது.

மூதாட்டி படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"நெத்தித் தழும்பு எங்க கண்ணு? பட்டறையில உலைத்தீ பட்ட தழும்பு. இது அவரு மாதிரியே இல்லையே" என்றார்.

திருத்தித் தருவதாகச் சொன்ன இளைஞன் கோப்பைத் திறந்தான். அதில் தழும்பு இல்லை. செய்த படிகளைத் திரையில் வரிசையாகக் காட்டும் வரலாற்றுப் பட்டியல், கோப்பை மூடியதுமே அழிந்துவிடும். முதற்பதிவின்மீதே திருத்திய படத்தைச் சேமித்திருந்தான். பழைய படத்தை மீண்டும் கொண்டுவரக் கேட்டபோது அவன் முகம் வெளிறியது. பகலில் வீட்டார் புதுக் கண்ணாடி போடுவதற்காகச் சட்டத்தைப் பிரித்திருந்தனர். ஒட்டியிருந்த படம் கண்ணாடியோடு உரிந்து, முகம் சிதைந்துபோயிருந்தது.

ஐம்பது நிமிட வேலை

உரிமையாளர் எழுந்து வந்தார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. வருடியில் பதிவெடுத்த எதனையும், பிறர் கைபடுமுன் நாள் குறித்த தனிக் கோப்புறையில் ஒரு படி எடுத்துவைப்பார். அதற்காகும் நேரம் அரை நிமிடம். காலையில் எடுத்துவைத்த படி அங்கே பத்திரமாக இருந்தது.

"அம்மா, ஒரு மணி நேரம் உக்காருங்க. சரியா செஞ்சு தர்றோம்" என்றவர், இளைஞனின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இம்முறை முதல் வேலை கோப்பிற்கு வேறு பெயர் இட்டு, அடுக்குகளைக் காக்கும் வடிவில் சேமித்தல். அடுத்து, கண்ட்ரோலும் ஜேயும் அழுத்தி மூல அடுக்கிற்கு ஒரு படி எடுத்தல். திருத்தம் முழுவதும் மேலடுக்கில் நடந்தது. அடியிலிருந்த மூலம் தொடப்படவில்லை. ஒளியையும் நிறத்தையும் தனித்தனிச் சரிசெய்யும் அடுக்குகளால் மாற்றினான். வேண்டாதபோது அவற்றை நீக்கிவிடலாம். பிறகு மேலடுக்கிற்கு மறைப்பு ஒன்றை இணைத்தான். மறைப்பில் கருப்பைத் தீட்டினால் மேலடுக்கின் அப்பகுதி மறைந்து, கீழுள்ளது தெரியும். வெள்ளையைத் தீட்டினால் மேலடுக்கு திரும்ப வரும். 'டி' விசை இவ்விரு நிறங்களையும் தருவது. 'எக்ஸ்' விசை ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது. மூதாட்டி திரையருகே வந்து நின்று, "இங்க, இன்னும் கொஞ்சம் மேல" என்று விரலால் காட்டக் காட்ட, இளைஞன் கருந்தூரிகையால் தீட்டினான். தழும்பு மெல்ல மீண்டு வந்தது.

மறைத்துக் காட்டும் இக்கலை சேலத்திற்குப் புதிதன்று. அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் இன்றும் நிற்கும் நுழைவு வளைவு, டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸை நினைவூட்டுவது. அந்நிறுவனம் 1940இல் வெளியிட்ட 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். ஒருவரை ஒரே சட்டகத்தில் இருவராகக் காட்ட, படச்சுருளின் ஒருபாதியை மறைத்துப் பதிவுசெய்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறைத்து மீண்டும் பதிவுசெய்வது அக்காலத்து வழிமுறை. அங்குக் கை நடுங்கினால் இரு பாதிகளும் கெடும். கணினியின் மறைப்போ எத்தனை முறையும் மன்னிக்கும். மூலம் அடியில் இருக்கும்வரை.

எது சுருக்கவழி?

ஐம்பது நிமிடங்களில் படம் முடிந்தது. இளைஞன் அறிந்திருந்த விசைகள் அனைத்தும் அப்போதும் பயன்பட்டன. அவை இல்லையேல் இரவு வெகுநேரம் ஆகியிருக்கும். ஆகவே, குறை விரைவில் இல்லை. எங்கே விரையலாம், எங்கே நிற்கவேண்டும் என்று பிரித்தறியாமையே குறை. கருவியை எடுப்பதிலும் தூரிகையை மாற்றுவதிலும் விரையலாம். மூலத்தின்மீது சேமிக்குமுன்னும், அடுக்குகளை இணைக்குமுன்னும், ஒருவரின் முகத்திலிருந்து ஒன்றை நீக்குமுன்னும் நிற்கவேண்டும். முகத்தில் இருப்பது கறையா, அவருடைய வாழ்வின் அடையாளமா என்பதைக் கணினி அறியாது. உரியவரைக் கேட்டே அறியவேண்டும்.

மூதாட்டி புதிய படத்தை வாங்கி, நெற்றித் தழும்பை ஒருமுறை தடவிப் பார்த்தார். முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவர் அவிழ்க்க முற்பட, "முன்னமே குடுத்துட்டீங்க அம்மா" என்று உரிமையாளர் தடுத்துவிட்டார். மாடிப்படியில் அவர் இறங்கும்வரை இளைஞன் உடன்சென்று கைபிடித்து விட்டான்.

திரும்பி வந்தவன், காத்திருந்த அடுத்த படத்தை வருடியில் வைத்துப் பதிவெடுத்தான். திருத்தத் தொடங்கவில்லை. நாள் குறித்த கோப்புறையைத் திறந்து, முதலில் ஒரு படி எடுத்துவைத்தான்.