ஆடிய காலும் பாடிய வாயும்

‘ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்குமா?’ என்பது நம் நாட்டு முதுமொழி. காலால் ஆடிக்கொண்டே வாயால் பாட வேண்டிய விளையாட்டு ஒன்று உண்டெனில் அது சடுகுடுவே. ஆதலின் அதனை ஆடி வளர்ந்த எங்களுக்கு அம்முதுமொழி இருமடங்கு பொருந்தும். வாய் இன்றும் சும்மா இருப்பதில்லை, பழங்கதை பேசுகிறது. காலும் சும்மா இருப்பதில்லை, வலிக்கிறது.

போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரை அடுத்துள்ளது புரோத்ராபூர். 1970களில் எங்கள் பதின்பருவம் அங்கே கழிந்தது. எங்கள் பெற்றோர் தமிழகத்திலிருந்து கப்பலேறி, மூன்று நாள் கடலில் வாடி, இங்குக் குடியேறியவர்கள். அவர்கள் கொண்டுவந்தவற்றுள் பெட்டியில் அடங்காத சொத்து சடுகுடு. இங்கோ வங்காளப் பிள்ளைகள் அதனையே ‘ஹாடுடு’ என்றனர். தெலுங்குப் பிள்ளைகள் ‘செடுகுடு’ என்றனர். எச்சொல்லைப் பாடுவது என்று எழுந்த வழக்கு, அவரவர் மொழியில் அவரவர் பாடலாம் என்று தீர்ந்தது. எம்மொழியில் பாடினாலும் மூச்சு விட்டால் ஆட்டம் போயிற்று என்பதே பொதுச் சட்டம்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழியும் தீவு இது. மே மாதம் தொடங்கும் மழை, ஆண்டின் இறுதிவரை விட்டுவிட்டுத் தொடரும். வானம் வெளுக்கட்டும் என்று காத்திருந்தால் பாதி ஆண்டு கழிந்துவிடும். எனவே சேற்றிலேயே ஆடினோம். சாம்பலால் இட்ட நடுக்கோட்டை மழை கரைத்துவிடும். கோடு எங்கே இருந்தது என்னும் பூசல், ஆட்டத்தினும் நெடிதாக நடக்கும். கணுக்காலைப் பிடித்து இழுப்பவன் ஒருவன், முதுகின்மேல் பாய்பவர் நால்வர், அடியில் நசுங்கியவாறே கோட்டை நோக்கிக் கை நீட்டுபவன் ஒருவன்! அவன் விரல்நுனி கோட்டைத் தொட்டுவிட்டால் ஐவரும் வெளியேற வேண்டும். அந்த ஒரு விரற்கடைக்காக எத்தனை தோள்மூட்டுகள் இடம் பெயர்ந்தன!

அடிபட்டால் வைத்தியமும் எளிதே. வீட்டில் அறிந்தால் ஆட்டமே நின்றுவிடும் என்பதனால், வீங்கிய காலை வேட்டிக்குள் மறைத்து, மூன்றாம் நாள் மீண்டும் களமிறங்குவோம். எலும்பு முறிந்ததென்று ஐயம் எழுந்தால் மட்டும், புத்தூர்க் கட்டின் முறையறிந்த பெரியவர் ஒருவரிடம் செல்வோம். மூங்கிற் பத்தையும் முட்டையின் வெண்கருவும் துணியும் கொண்டு அவர் கட்டிய கட்டு, திருமணத்துக்கு அணிந்த மாலைபோல எங்களுக்குப் பெருமை தந்தது.

முழங்காலுக்குள் நிகழ்வது என்ன என்பதனை அண்மைக்காலத்தில் மருத்துவர்கள் விளக்கக் கேட்டுத் தெளிந்தோம். தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்பு வில்லைகள் உள்ளன. அவற்றின் வெளிவிளிம்புக்குக் குருதி பாய்கிறது, உட்பகுதிக்குப் பாய்வதில்லை. வெளிவிளிம்பில் நேர்ந்த கிழிசல் ஆறக்கூடும். உட்பகுதியில் நேர்ந்தது தானே ஆறுவது அரிது. மூட்டின் நடுவே குறுக்காக ஓடும் தசைநார் அறுந்தாலோ, பெரும்பாலும் அது தானாக ஒட்டுவதில்லை. வலி அடங்கியது கண்டு காயம் ஆறிற்று என்று எண்ணுவது இளமையின் இயல்பு. இன்றோ சிறு துளையிட்டு, நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த நாரைக் கொண்டு அதனைப் புதுப்பிக்கிறார்கள்.

இவ்வறிவு எங்களுக்குப் பயன்படும் நாள் ஒன்று வந்தது. எங்களுள் ஒருவரின் பேத்திக்குக் கபடியில் தீராத வேட்கை. 2025ஆம் ஆண்டில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில், சென்னைக் கண்ணகி நகர்க் கார்த்திகா ஆடியதைக் கண்டபின் அவ்வேட்கை பன்மடங்காயிற்று. தாயோ இசையவில்லை. “தாத்தா, உங்கள் முழங்காலைக் காட்டித்தான் அம்மா என்னைத் தடுக்கிறார்கள், நீங்களே வந்து பேசுங்கள்” என்று அப்பெண் எங்களை அழைத்தாள்.

நொண்டி நொண்டிப் படியேறிச் சென்ற நால்வர், விளையாட்டு நல்லது என்று வாதிட்டால் யார் நம்புவர்? ஆயினும் பேசினோம். “அம்மா, இவ்வலி ஆட்டம் தந்த வலியன்று, வீக்கத்தோடு ஆடியது தந்தது. சேறும் மறைப்பும் இல்லாமல் ஆடினால் இவ்வளவு இராது. அடியே படாது என்று உறுதி கூற எங்களால் இயலாது. ஆனால், அன்று ஐவர் அடியில் நசுங்கியும் மூச்சை விடாதிருந்தோமே, பிற்காலத்து இழப்புகளிலெல்லாம் எங்களை நிறுத்தியது அப்பழக்கந்தான்” என்றோம். அந்த அம்மையார் நெடுநேரம் எங்கள் கால்களையே நோக்கியிருந்தார். பின்னர், “அடிபட்டால் என்னிடம் மறைக்கக் கூடாது” என்னும் ஒரே நிபந்தனையோடு மகளை அனுப்பினார்.

இப்போது மாலைதோறும் அப்பெண்களின் பயிற்சியைக் காண நாங்களும் செல்கிறோம். பயிற்சியாளர் எங்களுக்கு ஒரு பணி அளித்திருக்கிறார். எந்தப் பெண்ணின் நடையில் சிறு மாற்றம் தெரிந்தாலும் உடனே குரல் கொடுக்க வேண்டும். நொண்டலை மறைக்கும் வித்தைகள் அனைத்தும் அறிந்தவர்களாதலின், எங்கள் கண்ணுக்கு எந்தக் காலும் தப்புவதில்லை.