இரண்டு பைட்டுகளின் காரணம்

மென்பொருள் எழுதும் கருவி ஒன்றைப் புதுப்பித்தால், நாம் தொடவே தொடாத சில கோப்புகள் ‘மாறியவை’ என்று கிட் பட்டியலில் வந்து நிற்கும். அவசரத்தில் இருப்பவர்கள் அவற்றையும் சேர்த்துக் கமிட் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். அந்தச் சின்ன மாற்றங்களை உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் புராஜெக்டில் டெஸ்ட்டுகளுக்கென்று ஒரு சிறிய எஸ்கியூலைட் கோப்பு உண்டு. ஒரு டேபிள், அதற்கு ஓர் இண்டெக்ஸ். பக்கத்துக்கு 4,096 பைட் வீதம் மூன்று பக்கங்கள், மொத்தம் 12,288 பைட். ஒரு ஸ்கிரிப்ட் அதை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கும். அதே உள்ளீட்டுக்கு அதே கோப்புதான் வருகிறதா என்று செக்சம் வைத்துப் பார்ப்போம். கருவியைப் புதுப்பித்ததில் அதனுள் இருந்த எஸ்கியூலைட் லைப்ரரியும் 3.45.1-இலிருந்து 3.46.0 ஆனது, செக்சம் பொருந்தாமல் போயிற்று. கோப்பின் அளவு அதேதான். உள்ளே இருப்பதை எஸ்கியூஎல் வரிகளாக எடுத்து ஒப்பிட்டாலும் ஓர் எழுத்துகூட வேறுபடவில்லை.

“டேட்டா எதுவும் மாறலையே அக்கா, அப்படியே கமிட் பண்ணிடவா?” என்று கேட்டான் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி. நியாயமான கேள்விதான். ஆனால் தரவு மாறவில்லையென்றால் மாறியது எது? இரண்டு கோப்புகளையும் பைட் பைட்டாக ஒப்பிட்டோம். 12,288-இல் வேறுபட்டவை இரண்டே இரண்டு. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 98-ஆவது, 99-ஆவது பைட்டுகள். பழைய கோப்பில் அவை 118, 137. புதியதில் 122, 112.

எஸ்கியூலைட் கோப்பின் முதல் 100 பைட்டுகளை ஹெட்டர் என்பார்கள். அதில் எந்த பைட்டுக்கு என்ன பொருள் என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தின் அளவு 16-ஆவது பைட்டில் தொடங்கும். கோப்பு எத்தனை தடவை மாற்றப்பட்டது என்ற எண்ணிக்கை 24-இல் தொடங்கும். கடைசி நான்கு பைட்டுகளில், அந்தக் கோப்பில் கடைசியாக எழுதிய லைப்ரரியின் வெர்ஷன் எண் இருக்கும். பழைய கோப்பில் அந்த நான்கும் 0, 46, 118, 137. தம்பி ஒரு தாளை எடுத்து 46-ஐ 65,536-ஆலும் 118-ஐ 256-ஆலும் பெருக்கி, 137-ஐயும் கூட்டினான். வந்தது 3045001. அதாவது 3.45.1. புதிய கோப்பில் இதே கணக்கு 3046000 என்று வந்தது. அதுதான் 3.46.0. அதன் பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை.

அந்தக் கணக்கை எங்களால் போட முடிந்ததற்குக் காரணம், அந்த மென்பொருளை உருவாக்கியவர்கள் கோப்பின் அமைப்பை பைட் வரைக்கும் எழுதி வைத்திருப்பதுதான். ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்கியூலைட்டை இன்றும் ஒரு சிறு குழுதான் கவனித்துக்கொள்கிறது. 2050 வரை ஆதரவு தருவதே தங்கள் நோக்கம் என்று அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். தரவைப் பாதுகாத்து வைக்க ஏற்ற வடிவங்களில் ஒன்றாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு பைட்டுக்கும் விளக்கம் எழுதிய அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. நாங்கள் ஒரு மாற்றத்தைப் பார்த்துப் பயப்படாமல் இருந்தது அவர்களால்தான்.

இதில் கிடைத்த பதில் ‘ஒன்றுமில்லை’ என்பது. எப்போதும் அப்படி வராது. 2021 டிசம்பரில் ரூபி ஆன் ரெயில்ஸ் 7.0 வந்தபோது, பல புராஜெக்டுகளின் ஸ்கீமா கோப்பில் தேதி-நேர வரிகளின் ஓரத்தில் ‘பிரிசிஷன்: நில்’ என்ற சிறு சேர்க்கை முளைத்தது. பார்த்தால் வெறும் குப்பை போலத் தெரியும். அந்த வெர்ஷனில் நேரத்தின் இயல்பான துல்லியம் நொடிக்குப் பின் ஆறு இலக்கம் என்று ஆனது. பழைய நெடுவரிசைகளுக்கு அந்தத் துல்லியம் இல்லை என்பதைச் சொல்லத்தான் அந்தச் சேர்க்கை. குப்பை என்று நினைத்து அழித்தால், அந்த ஸ்கீமாவிலிருந்து புதிதாக உருவாகும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் மைக்ரோ நொடி வரை சேமிக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதோ நொடியோடு நின்றுவிடும். டெஸ்ட்டில் ஒரு மாதிரியும் சர்வரில் வேறு மாதிரியும் நடக்க இது போதும். அதே மைஎஸ்கியூஎல்லில் 8.0.19 முதல் ‘இன்ட்(11)’ என்பது வெறும் ‘இன்ட்’ ஆனதில் கெடுதல் எதுவும் கிடையாது. அந்த 11 திரையில் காட்டும் அகலம்தான். சேமிப்பது அன்றும் இன்றும் நான்கு பைட்.

மூன்றுமே பார்வைக்கு மிகச் சிறிய மாற்றங்கள்தான். எது ஆபத்து, எது இல்லை என்பதை அளவு சொல்லாது, காரணம்தான் சொல்லும்.

அதனால் எங்கள் குழுவில் இப்போது சில பழக்கங்கள் உண்டு. கருவியைப் புதுப்பிப்பது தனிக் கமிட். அதில் வேறு வேலை எதையும் கலப்பதில்லை. தரவுத்தளக் கோப்புக்குப் பதிலாக அதை உருவாக்கும் எஸ்கியூஎல் வரிகளையே கிட்டில் வைக்கிறோம், ஒப்பிடுவதும் அவற்றைத்தான். தானாக ஏதாவது மாறியிருந்தால், ஏன் மாறியது என்று ஒரு வரி எழுதிய பிறகே சேர்க்கிறோம். எங்களுக்குப் பின்னால் வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்த ஒரு வரியை நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.